மூடுபனியில் கரை கண்ட ஜெபசெல்வி அம்மையாருக்கு

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இரவு வானத்தைப் படிக்கக் கற்பித்த இயற்பியல் ஏந்தலே! அன்பும் அதட்டலும் அளவாய்க் கலந்த அம்மையீர் ஜெபசெல்வி அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

மீஞ்சூரிலிருந்து பேருந்தேறி வந்து முப்பதாண்டுக்கும் மேலாய் எம் பள்ளியில் பணியாற்றி, இன்று ஓய்வு பெறுகிறீர்கள். ஒளியே கடக்க ஓரிலட்சம் ஆண்டு கேட்கும் பால்வழி மண்டலத்தை, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஆப்பத்தைக் காட்டி விளக்கினீர்கள். பிள்ளைகளுக்குப் பசி வந்ததே தவிரப் பாடம் மறக்கவில்லை!

ஆயினும் நாங்கள் இன்று பேச வந்தது, கடந்த மாசி மாத விடியற்காலையைப் பற்றி.

பால்வழியின் நடுப்பகுதி எழும் திசையைப் ஏரித் தீவான பசியாவரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, லோகநாதனின் படகில் ஆசிரியர்கள் எண்மர் திரும்பிக்கொண்டிருந்தோம். கிழக்கு வெளுக்கவில்லை. திடீரென மூடுபனி இறங்கியது. எப்பக்கம் பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறம். லோகநாதன் தயங்கினார். "நடு ஏரிலதான்யா இருக்கோம், நேரா வுடு" என்றார் தலைமையாசிரியர் பெரியசாமி ஐயா. அவரிடம் படித்தவர் என்பதால் லோகநாதன் மறுபேச்சின்றி விசையைக் கூட்டினார். ஆசிரியர் கூட்டத்தில் செய்வதுபோலவே நாங்களும் தலையாட்டினோம்.

"லோகு, இன்ஜினை நிறுத்து!" என்று அதட்டினீர்கள். "பனிக்குள்ள நின்னா யாருக்கும் நாமதான் நடுவுல இருக்கோம்னு தோணும் சார். நட்சத்திரத்தை எண்ணினவங்களும் இப்டிதான் ஏமாந்தாங்க. எல்லாரும் மேல பாருங்க!"

விண்மீன்களிடையே கிடக்கும் தூசு தொலைவை மறைத்ததால், எத்திசையில் எண்ணினாலும் ஏறக்குறைய சமமாகவே தெரிய, சூரியனே பால்வழியின் நடு என அக்கால அறிஞர்கள் நம்பினர். தூசுக்கு மேலும் கீழும் தெளிவாய்த் தெரிந்த விண்மீன் கொத்துகள் ஒரு திசையில் குவிந்திருப்பதைக் கண்ட பிறகே, நடு வேறெங்கோ வெகு தொலைவில் இருப்பது புரிந்தது. அந்தப் பாடத்தைத்தான் எங்கள் உயிரை வைத்து நடத்தினீர்கள்.

இன்ஜின் அடங்கியதும் கடலின் இரைச்சல் கேட்டது. பனிக்கு மேலே, நெஞ்சு பதறும் அருகில், கலங்கரை விளக்கின் ஒளி சுழன்றது. கடலுக்கு வடியும் நீர், ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கே எங்களை இழுத்து வந்திருந்தது.

"ஐயோ, மொகத்தோரம் டீச்சர்!" என்று லோகநாதன் இன்ஜின் கயிற்றை இழுத்தார், பற்றவில்லை. சோபியா டீச்சர் உரக்க ஜெபித்தார். மறுபடி இழுத்தும் பற்றவில்லை. படகு கடலை நோக்கி நழுவியது. ஒருவழியாய்ப் பற்றியதும், தாங்கள் விளக்கிலிருந்து கண்ணெடுக்காமல் திசை சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கோட்டைக்குப்பத்துக் கரை மணலில் படகு தட்டிய பிறகே, படகின் விளிம்பை இறுகப் பற்றியிருந்த கையைத் தாங்கள் விடுவித்ததைக் கண்டோம். எங்களைப் போலவே தாங்களும் பயந்திருந்தீர்கள், அம்மையீர்!

அதைப் பற்றி இன்றுவரை பள்ளியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியர் மனம் நோகுமே என்று நன்றியைக்கூட விழுங்கிக்கொண்டோம். நேற்று இம்மடலைத் தயங்கித் தயங்கி அவரிடம் படித்துக் காட்டினோம். ஒரு வரியையும் அவர் அடிக்கவில்லை. பேனாவை வாங்கி, "மொத கையெழுத்து நான்தான் போடணும்" என்றார்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க, நிறைவோடு ஓய்வு கொள்க!

இங்ஙனம்,
தங்களால் கரையேறிய எழுவரும்,
பள்ளியின் ஆசிரியர், அலுவலர் அனைவரும்.