நாற்பத்திரண்டு பல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, குடித்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் பிலோமின்ராஜ். உறையூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்து ஹயக்ரீவனுக்கு எட்டு வருஷமாக ரேஸ் பைக் தயார் செய்து கொடுத்தவன் நான்தான்.

ரேஸில் பாதி வெற்றி பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் இருக்கிறது. பல் கூடினால் வளைவிலிருந்து வண்டி பாய்ந்து வரும், நேர்ப்பாதையில் வேகம் குறையும். பல் குறைந்தால் நேர்மாறு. துறையூர்ப் பக்கம் இருக்கிற ட்ராக்குக்கு முப்பத்தெட்டு பல்தான் சரி. அது நான் கண்டுபிடித்த கணக்கு. அதில்தான் மூன்று கோப்பை வாங்கினான்.

போன மாதம் ஒரு யூடியூப்காரர் அவனிடம் பேட்டி எடுத்தார். "கியரிங்லாம் நானே முடிவு பண்ணிடுவேன். அடுத்த ரேஸுக்கு நாப்பத்திரண்டு பல். அண்ணன் ஸ்பானர் புடிப்பாரு, அவ்ளோதான்" என்று சிரித்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் ஸ்பானரோடு. வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு அரை மணி நேரம் முன்னால் வந்தான்.

"அண்ணே, நாப்பத்திரண்டு மாட்டிடுங்க."

"முப்பத்தெட்டு நல்லாத்தானேப்பா ஓடுது?"

"சொல்றத செய்யுங்கண்ணே. ஓட்டப்போறது நானா, நீங்களா?"

நியாயமான கேள்வி. மாட்டினேன்.

பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு நீளமான செயின் வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. சக்கரத்தை முன்னால் தள்ளி, பழைய செயினையே இழுத்துப் பூட்டினேன். ஸ்டாண்டில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆள் ஏறி உட்கார்ந்து வண்டி அழுந்தினால்தான் செயின் விறைக்கும். குனிந்து பார்த்துவிட்டு "சூப்பர்ண்ணே" என்றான்.

அவன் அம்மா வேதவதி மாமி, பெருமாள் துளசியை அவன் பையில் வைத்தார். "பிலோமின், கொழந்தைய பத்திரமா பாத்துக்கோங்கோ" என்றார். "சரிங்க மாமி" என்றேன்.

மூன்றாவது சுற்றில் செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கியது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியது நான்தான். மூச்சு இல்லை.

நான் கொலைகாரன் இல்லை, மேடம். ஸ்பானர் பிடிக்கிறவன் சொன்னதைத்தானே செய்வான்? அந்த அவசரத்தில் நீளச் செயினுக்கு எங்கே போவது?

மேசையில் இருக்கிற அந்தப் பொட்டலமா? என் டூல் பாக்ஸில் எடுத்தீர்களா? ஆமாம், செயின்தான். நாற்பத்திரண்டு பல்லுக்கு அளந்து, வெள்ளிக்கிழமையே நான் வெட்டி வைத்தது. "எது சரிவரும்ண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதையே மாட்டியிருப்பேன்.

அவன் கேட்கவில்லை.