மூணு வருஷ அனுபவம்

காலையில் தாம்பரத்திலிருந்து நாவலூர் போகும் பஸ்ஸில், தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்த ஒருவர் போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷத்தைத் தூக்கிட்டேன்டா. இப்ப எனக்கு மூணே வருஷம்தான்."

முன்சீட்டில் மடியில் ஃபைலோடு இருந்த பெண், அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து திரும்பினாள்.

"ரெஸ்யூம்லயா அங்கிள்?"

"ஆமாம்மா. ஆபீஸ்ல ஆள் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ்னு போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்குறான். சம்பளம் அதிகமா கேப்பேனாம், புதுசா எதுவும் கத்துக்க மாட்டேனாம். நீ?"

"இப்பதான் காலேஜ் முடிச்சேன். ஃப்ரெஷர் வேலைக்கே எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. அதான் நானும் மூணு வருஷம் போட்டுட்டேன்."

"எங்க வேலை பாத்தேன்னு?"

"மூடிட்டுப் போன கம்பெனி ஒண்ணுல. விசாரிச்சா போன் எடுக்க ஆளே இல்ல."

"கெட்டிக்காரிதான். எங்க இன்டர்வியூ?"

அவள் போனை நீட்டிக் காட்டினாள்.

"அட, நானும் அங்கதாம்மா!"

"நீங்க தூக்கிப் போட்ட வருஷத்துல மூணை எனக்குக் குடுத்திருந்தா, நான் பொய் சொல்லியிருக்க வேணாம் அங்கிள்."

"அங்க வந்து அங்கிள்னு கூப்பிட்றாத. கணக்குப்படி நாம ஒரே பேட்ச்."

நாவலூர் வந்தது. அவர் முழங்காலில் கையை ஊன்றி, "அப்பா, முருகா..." என்று மெதுவாக எழுந்தார்.

படியருகே போயிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க எழுந்திருக்கறப்ப முருகனையும் கூப்பிட்றாத, மச்சான்."