தர்மிளாவுக்குப் போட்ட கோப்பி

கடையில் பைக்கற்றில் விற்கும் கோப்பித்தூளை நான் வாங்குவதே இல்லை, ஐயா. அதில் என்னத்தைக் கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கொட்டையாக வாங்கி, வீட்டில் வறுத்து, நானே இடித்துக்கொள்வேன். மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் சுடலைமுத்து அண்ணனுக்குப் பதுளைப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அவர் போய் வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு கிலோ கொட்டை வரும்.

என் பெயர் கமலேஸ்வரி, வயது நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். தர்மிளா என் ஒரே தங்கை, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அம்மாவும் அப்பாவும் சண்டையில் ஒரே நாளில் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதன் பிறகு அவளுக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், பாலர் பாடசாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும் அவளுக்காகவே வேண்டாம் என்றேன். இதை அவளிடம் அடிக்கடி சொல்லியும் இருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது.

கோப்பிக் கொட்டையில் இரண்டு வகை எனக்குத் தெரியும். நீளத் தட்டைக் கொட்டைக்கு வாசம் கூட. சின்ன உருண்டைக் கொட்டை கசக்கும். எப்போதும் வாசக் கொட்டைதான் வாங்குவேன். போன ஆவணியில் நான் மாற்றிக் கேட்டபோது சுடலைமுத்து அண்ணன் ஆச்சரியப்பட்டார்.

"உருண்டக் கொட்டையா? அது வெறும் கசப்பாச்சே தங்கச்சி. வீட்டுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்களே."

"இப்ப எங்களுக்கு அதுதான் பிடிக்குது அண்ணை" என்றேன்.

வடிக்கும் சாமானையும் அதே மாதம் மாற்றினேன். அதுவரை சீலை வடிதான். சுவிஸிலிருந்து மாமி மகன் கொண்டுவந்த, மேலிருந்து அமுக்கும் கண்ணாடிக் குவளை ஒன்றும் அலுமாரியில் இருந்தது. கண்ணாடி என்பதால் அடியில் என்ன கிடந்தாலும் வெளியே தெரியும். வவுனியாவில் கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு தட்டு வைத்த சில்வர் பில்டர் ஒன்று வாங்கினேன். அதில் சாறு கட்டியாக இறங்கும். கொட்டையைக் கறுக்க வறுத்து, மல்லியும் காய்ந்த இஞ்சி வேர்க்கொம்பும் கூடப் போட்டு இடித்து, பசுப்பாலும் சீனியும் சேர்த்தால் வேறு எந்தக் கசப்பும் அதற்குள் தெரியாது. நானே குடித்துப் பார்த்தேன்.

வேறு கசப்பு என்றது என்னுடைய நித்திரைக் குளிசையை. சண்டை முடிந்த வருடத்திலிருந்து கிளினிக்கில் எனக்கு எழுதித் தருகிறார்கள்.

கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் ரூபனை அவளுக்குப் பேசி முடித்ததும் நான்தான். நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவணியில் ஒருநாள் இருவரும் அங்கே வாடகை வீடு பார்க்கப் போவதாக இருந்தது. தர்மிளா விடிய எழும்பி, பாட்டுப் பாடிக்கொண்டு சட்டை அயர்ன் பண்ணினாள். அந்தப் பாட்டை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவளுடைய கோப்பியில் அரைக் குளிசை போட்டேன்.

"கைக்குதே அக்கா" என்றாள். ஆனாலும் குடித்தாள். பஸ் வருவதற்கு முன்பே தலை சுற்றுகிறது என்று வந்து என் மடியில் படுத்தாள். மத்தியானம் வரை எழும்பவில்லை. தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டு வயதில் படுத்ததுபோலவே கால்களை மடக்கிப் படுத்திருந்தாள். அந்த ஒருநாள் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவள் கைக்குது என்ற பிறகுதான் கொட்டையையும் பில்டரையும் மாற்றினேன். ஒன்பது மாதம் கொடுத்தேன். தினமும் இல்லை, ரூபன் வரும் நாட்களிலும் அவர்கள் எங்காவது போக இருந்த நாட்களிலும் மட்டும். பிறகு மற்ற நாட்களிலும். பிள்ளைகளுக்கு முன்னால் கதிரையிலேயே நித்திரை கொண்டாள் என்று அவளுடைய வேலை போனது. கல்யாணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றதும் நான்தான். இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஊரார் சொல்லக் கேட்டு, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். வைகாசிப் பொங்கலுக்கு நான் பாற்செம்பு எடுப்பதென்றும் தர்மிளா எட்டு நாள் விரதம் பிடிப்பதென்றும் பேச்சு. விரதத்துக்கு மிகப் பிடித்த ஒன்றை விடவேண்டும் என்று அவளே யோசித்து, "அக்கான்ர கோப்பியை விடுறன்" என்றாள்.

நான்காம் நாள் எனக்கு முன்னால் எழும்பி முற்றம் கூட்டினாள். ஆறாம் நாள் ரூபனோடு போனில் கதைத்துச் சிரித்தாள். பொங்கலன்று கோயில் வெயிலில் என்னைவிட வேகமாக நடந்தாள்.

"அக்கா, அம்மாள் கண் திறந்திட்டா. உடம்பு காத்து மாதிரிக் கிடக்கு" என்றாள்.

செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். எதைக் கேட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்குச் சுகம் வேண்டும், ஆனால் இவ்வளவு சுகம் வேண்டாம் என்று கேட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ரூபன் வீட்டார் நாள் வைக்க வருவதாக இருந்தது. "எட்டு நாளா உங்கட கோப்பிக்கு ஏங்கிப்போனன், தாங்கோ" என்று குசினி வாசலில் வந்து நின்றாள். அரைக் குளிசை போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டு போட்டேன். குடித்து முடித்தவள், வருகிறவர்களுக்கு வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கவேண்டும் என்று ஸ்கூட்டித் திறப்பை எடுத்தாள். நான் பறித்திருக்கலாம். எனக்குத் தலையிடி, போகாதே என்று சொல்லியிருக்கலாம். "மெதுவாகப் போ" என்று மட்டும் சொன்னேன்.

ஏ ஒன்பது வீதியில் மதகுக்குள் விழுந்து கிடந்தாள். என்ன மருந்து எடுக்கிறவா என்று டொக்டர் மூன்று தரம் கேட்டார். ஒன்றும் இல்லை என்று மூன்று தரமும் சொன்னேன். நான்காம் நாள்தான் கண் திறந்தாள். இனி நடப்பது கஷ்டம், பேச்சும் முழுதாக வராது, காலம் முழுக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும் என்றார்கள். ரூபன் சுவரோடு சாய்ந்து அழுதான். நானும் அழுதேன். "உங்களைப்போல ஆரக்கா பாப்பினம்" என்று என் கையைப் பிடித்தான். ஐயா, டொக்டர் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல். இனி எங்கும் போகமாட்டாள் என்ற ஆறுதல். அந்தப் பெடியன் பிடித்த கையை வைத்துக்கொண்டு அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதுதான் இங்கே பொலிசுக்கு வந்தேன்.

எல்லாம் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். ரூபன் பத்து நாளாக வேலைக்கும் போகாமல், கட்டிலருகே கதிரை போட்டு, கரண்டியால் அவளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறான். என்னை மட்டும் கெதியாக விட்டுவிடுங்கள், ஐயா. அவளுக்கு என்னை விட்டால் வேறு யாருமில்லை.