ஏழு தையலும் ஒரு போனும்

பிரசவ வார்டில் திரைச்சீலை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இளம்பச்சை என்பேன். வெள்ளையில் கறை தெரியும், நீலத்தில் அறை இருட்டாகிவிடும். இருபத்திரண்டு வருஷம் அந்த வார்டிலேயே குப்பை கொட்டியவள் சொல்கிறேன். விசாரணைக்கும் திரைச்சீலைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நடந்ததை முதலிலிருந்து எழுதிக் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான். திரைச்சீலை மாற்றிய வாரத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் எங்கள் வார்டு எப்படி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வாடி, போடி, கத்தாதே, பெத்துக்கத்தானே வந்தே, இதுதான் பேச்சு. ரொம்பக் கத்தியவளுக்குத் தொடையில் ஒரு அடியும் விழும். நான் அடித்ததில்லை. என் குரல் சின்ன வயசிலிருந்தே மெதுவானது, வார்டில் எனக்குப் 'பஞ்சு அக்கா' என்றே பெயர். அதனால் 'இதமான பிரசவம்' என்ற திட்டம் வந்தபோது, வார்டின் பொறுப்பு சிஸ்டரான என்னைத்தான் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரசவத்தில் பட்ட பயம் உடம்பு தேறின பிறகும் மனசை விட்டுப் போகாது, சில பேருக்குப் பெற்ற குழந்தையைத் தூக்கவே கை வராது என்று அங்கே பாடம் எடுத்த அம்மாள் சொன்னார். மாசமாக இருக்கும்போதே பேசிப் பழகுங்கள், தொடுமுன் சொல்லுங்கள், வலிக்கிறது என்றால் நம்புங்கள், பிரசவம் ஆனபின் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேளுங்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததோடு நிற்காமல் நோட்டில் எழுதியும் கொண்டேன். 'நம்புங்கள்' என்ற இடத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன், நோட்டு இப்போது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

திரும்பி வந்து, திரைச்சீலையில் தொடங்கி வார்டையே தலைகீழாக மாற்றினேன். வாங்கம்மா, படுங்கம்மா, காலைக் கொஞ்சம் அகட்டுங்கம்மா என்று மரியாதை பொங்கி வழிந்தது. 'வலி' என்று யாரும் சொல்லக் கூடாது, 'அலை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பிரசவத்துக்கு மறுநாள் ஒரு மணி நேரத்துக்குக் 'கேட்கும் நேரம்' என்று பெயர் வைத்து, அதை நானே நடத்தினேன். ஆஸ்பத்திரி மேலாளர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். பிள்ளை பிறந்து அரை மணிக்குள், நெஞ்சில் குழந்தையோடு சிரித்த முகமாக ஒவ்வொரு தாயையும் படம் எடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது. ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

அரை மணிக்குள் சிரிப்பு வேண்டுமென்றால் அதற்குள் தையல் முடிந்திருக்க வேண்டும். கிழிந்த இடத்தைத் தைக்க எனக்கு அனுமதி உண்டு. மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும் என்பது முறை. ஆனால் பொறுத்தால் பெண்களுக்குக் கண் சொக்கிவிடுகிறது, படத்தில் முகம் விழுந்துவிடுகிறது. ஐந்தை மூன்றாக்கினேன். பிறகு ஒன்றாக்கினேன். ஒரு நிமிஷத்தில் எப்படியும் மரக்கப் போவதில்லை, பிறகு மருந்தை எதற்கு வீணாக்குவது என்று வெறும் உப்புத் தண்ணீரை ஏற்ற ஆரம்பித்தேன். "மருந்து போட்டாச்சும்மா, இனி ஒண்ணும் தெரியாது" என்று இதமாகச் சொல்வேன். தொடுமுன் சொல்ல வேண்டும் என்ற விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

என்னோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்த இன்னொரு சிஸ்டர் மட்டும், "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்களே அக்கா" என்றாள். கண் வார்டில் ஆள் பற்றாக்குறை இருந்தது. அவளைச் சிபாரிசு செய்து அங்கே அனுப்பி வைத்தேன்.

இனி அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வருகிறேன். வீட்டில் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தலைப்பிரசவம், ஆண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. மறுநாள் கேட்கும் நேரத்தில் உட்கார்ந்தால், மற்றவர்கள் மாதிரி "நல்லா இருந்துச்சு சிஸ்டர்" என்று முடிக்கவில்லை.

"ஏழு தையல் போட்டீங்க சிஸ்டர். ஒவ்வொண்ணும் உள்ள போனதும் தெரிஞ்சுது, வெளிய வந்ததும் தெரிஞ்சுது. கடைசி முடிச்சை அவுத்துட்டு மறுபடி போட்டீங்க."

தொழில் தெரிந்தவள், முடிச்சுவரை சரியாகச் சொன்னாள். தாளில் நான் நாலு என்று எழுதியிருந்தேன். நாலுக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், டாக்டர் வந்தால் அரை மணி தாண்டிவிடும்.

"நாலுதாம்மா. அந்த நேரத்துல கணக்கு குழம்பும்" என்றேன்.

"மருந்தே பிடிக்கலையே சிஸ்டர். வேணாம் வேணாம்னு கத்தினேனே."

"நீங்க கத்தவே இல்லம்மா. இதைப் பாருங்க."

படத்தைக் காட்டினேன். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாக்குது, சிரிங்க என்று நான்தான் சொல்லியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் படத்தில் சிரிப்பு மாதிரிதான் விழும். அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். கூச்சலைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டினா அந்த நினைப்பு வேர் விட்டுடும் தம்பி. நீங்க ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லுங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன், அப்படியே சொன்னார். அவளுடைய அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "ஊர் உலகத்துல இல்லாத பிள்ளையையா பெத்துட்டே" என்று அவராகவே ஆரம்பித்துவிட்டார்.

இதை ஏமாற்று வேலை என்று எழுதிக்கொள்வீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காயம் பத்து நாளில் ஆறிவிடும், ஞாபகம்தான் ஆறாது. ஆறாததை முளையிலேயே கிள்ளிவிட்டால் அது வைத்தியம்தானே. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் குத்தியது மட்டும் எப்படி மெய்யாகும்.

அந்தப் பெண்ணுக்கு ஐந்து முறை கேட்கும் நேரம் கொடுத்தேன். வேறு யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதலில் ஏழு என்றவள் ஐந்து என்றாள், பிறகு நாலு என்றாள். ஐந்தாம் முறை அவளே, "நான் சிரிச்சேன், இல்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். சுவரில் முதல் இடத்தில் அவளுடைய படத்தை மாட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் மாறிப்போனாள் என்று புருஷன் வந்து சொன்னார். ஒரே துணியை நாலு தடவை அளக்கிறாளாம், அளந்தபிறகும் வெட்டக் கை வரவில்லையாம். அடுப்பை அணைச்சேனா, பிள்ளைக்குப் பால் குடுத்தேனா என்று பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்கு போன் போட்டுக் கேட்கிறாளாம். பிள்ளை பெத்தவங்களுக்கு மறதி சகஜம் தம்பி என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வருஷம் கழித்து மறுபடி மாசமாகி என்னைத் தேடி வந்தாள். அவளை நான் தாங்கிய மாதிரி பெற்றவள்கூடத் தாங்கியிருக்க மாட்டாள். மாதம் இரண்டு தடவை வரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். என் சொந்த போன் நம்பரைக் கொடுத்தேன். "உடம்பு ஆயிரம் சொல்லும்மா, அதையெல்லாம் உடனே நம்பிப் பயப்படாதீங்க. எதுவா இருந்தாலும் முதல்ல என்னைக் கேளுங்க" என்றேன். என் நம்பரைத் தாளில் பெரிதாக எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டி வைத்திருந்தாளாம்.

எட்டாம் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. சான்றிதழ்க்காரர்கள் வந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவர்களில் ஒரு அம்மாள் அவளுடைய படத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், காலைலருந்து குழந்தை அசையல. நேத்து சாயங்காலமே குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

அசைவு குறைந்தால் அந்த நிமிஷமே வரச் சொல்ல வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வரச் சொன்னால் அந்த வரவேற்பறை வழியாகத்தான் வருவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, தன் சிரித்த முகத்துக்குக் கீழேயே வந்து நிற்பாள்.

"தூங்குதும்மா. எட்டாம் மாசத்துல அப்படித்தான் இருக்கும்."

"இல்ல சிஸ்டர், இது வேற மாதிரி இருக்கு. தட்டிப் பாத்தேன், தண்ணி குடிச்சுப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல."

படத்துக்கு முன்னால் நின்ற அம்மாள் இன்னும் நகரவில்லை. அதற்குள் அவளே கேட்டாள்.

"எனக்குத்தான் அப்படித் தோணுதோ?"

"ஆமாம்மா. உங்களுக்குத் தோணுது. நாளைக்குக் காலைல வாங்க."

"சரி சிஸ்டர்."

அந்தச் 'சரி'யைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. முன்பென்றால் வாதாடியிருப்பாள்.

மறுநாள் காலை வந்தபோது துடிப்பு இல்லை. பெண் குழந்தை, நல்ல வளர்த்தி, தலை நிறைய முடி. முந்தின நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அவளுக்கு மறுபடி கேட்கும் நேரம் தேவைப்பட்டது. "நான் உங்களுக்கு போன் பண்ணேனே சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். பண்ணலையேம்மா என்றேன். பண்ணணும்னு நினைச்சிருப்பீங்க, மனசு பண்ணின மாதிரியே காட்டும் என்றேன். இந்த முறை ஐந்து தடவை தேவைப்படவில்லை, ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. "ஒரு போன் பண்ணியிருந்தா நீங்க வரச் சொல்லியிருப்பீங்க. நான்தான் பண்ணாம விட்டுட்டேன்" என்று என் மடியில் தலை வைத்து அழுதாள். அழுது தீரட்டும் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதனால்தான் அவள் உங்கள் முன்னால், போன் பண்ணவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவள் புருஷன் கொண்டுவந்து கொடுத்த போனோ, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு என் நம்பரோடு நாலு நிமிஷம் பேசியதாகக் காட்டுகிறது. எது உண்மை என்று கேட்டீர்கள். போன் காட்டுவதுதான் உண்மை. ஏழு தையல் என்பதும் உண்மை, அவள் கத்தியதும் உண்மை, குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்னதும் உண்மை. தெரிந்தேதான் வர வேண்டாம் என்றேன். மூன்று வருஷமாக நான் பழக்கியிருந்ததால்தான் அவளும் வராமல் இருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதில் எழுதியிருப்பதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். பாவம், இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறாள்.