கம்பம் வரைக்கும்தான்

— செவப்பு. கேமராவுல இன்னும் செவப்புதான் எரியுது அத்தான். ஓவர்.

— ஓவர் சொல்லாதன்னு எத்தனை வாட்டி சொல்றது லோர்ன்? இது என்ன போர்க்களமா? நீ என் மாட்டுக் கொட்டகையில நிக்கிற. நான் என் வீட்டு நாற்காலியில கிடக்கேன். நடுவுல இருக்கிறது ஒரு முற்றம்.

— ரேடியோன்னா ஓவர் சொல்லணும். பஸ்ஸுல பதினெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். ஓவர்.

— ரெஜைனா டவுன்ல பஸ் ஓட்டுறவனை நம்பி மாட்டை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். சரி, வீட்டு வைஃபையைக் கொட்டகை வரைக்கும் நீட்டுற அந்த எக்ஸ்டெண்டர் பெட்டியை எங்க மாட்டியிருக்க?

— கேமராவுக்குப் பக்கத்துலயே. இங்கதான சிக்னல் இல்ல?

— அட மண்டு! சிக்னல் இல்லாத இடத்துல மாட்டினா அது எதை எடுத்து நீட்டும்? பந்தே வராத மூலையில நின்னுக்கிட்டு அடுத்தவனுக்குத் தள்ளி விடுறேன்னா நடக்குமா? வீட்டுக்கும் கொட்டகைக்கும் பாதி வழியில வைக்கணுமாம். தாளுல போட்டிருக்கு.

— அந்தத் தாளைக் காலையிலயே படிச்சிருக்கலாம்ல நீங்க?

— என் கண்ணாடி உங்க அக்கா கைப்பையோட ஐஸ் மேல கல்லு தள்ளுற கர்லிங் ஆடப் போயிடுச்சு. பூதக்கண்ணாடி வெச்சு எழுத்து எழுத்தாப் படிச்சுக்கிட்டிருக்கேன். கேளு மாப்ள, முற்றத்து நடுவுல கம்பம் இருக்குல்ல? வண்டி எஞ்சினுக்குச் சூடு போட பிளக் வெச்சிருக்கேனே? அதுல போய் மாட்டு.

— வெளிய மைனஸ் முப்பத்தொண்ணு! பெட்டி செத்துடும் அத்தான். சத்தியமா நானே செத்துடுவேன்.

— நீ சாக மாட்ட, உனக்குக் கொழுப்பு இருக்கு. பெட்டிக்கு எதையாவது கவுத்து மூடு. ஓல்கா எப்படி இருக்கா?

— படுக்குறா, எந்திரிக்கிறா, வாலைத் தூக்குறா. என்னைப் பாத்து முறைக்கிறா.

— அப்ப இன்னிக்கேதான். சீக்கிரம் போ! போன வருஷம் இவ கன்னு தலைகீழாத் திரும்பி வந்துச்சு. பக்கத்துல யாரும் இல்ல, செத்துப் போச்சு. இந்த வருஷமும் போனா உங்க அக்கா சும்மா விட மாட்டா.

— விட மாட்டா. நேத்து என்கிட்டயே சொன்னா. "இடுப்பெலும்பை மாத்தி மூணு வாரம் ஆகல, அந்த மனுஷன் ஓரெஸ்ட் கொட்டகைக்குள்ள ஒரு காலை வெச்சாலும் சரி, திங்கக்கிழமை வியாபாரிக்கு போன் போட்டு இருபத்திரெண்டு மாட்டையும் லாரியில ஏத்திடுவேன்"னு.

— அதுக்குத்தான இந்தக் கேமரா, இந்தப் பெட்டி எல்லாம். நாற்காலியில உக்காந்தபடியே மாட்டைப் பாத்துக்க முடியும்னு காட்டிட்டா மாடு நிக்கும். இல்லாட்டி முப்பது வருஷம் போச்சு. ஓடு!

— ஓடுறேன், ஓடுறேன்... வந்துட்டேன். பெட்டியை மாட்டியாச்சு. விளக்கு வருது! ஆரஞ்சு!

— நில்லு, இங்க ரவுட்டர்ல நான் பொத்தானை அமுக்குறேன். ரெண்டு நிமிஷத்துக்குள்ள நீயும் உன் பெட்டியில அமுக்கணும். தயாரா? இப்ப! அமுக்கு!

— கையுறையோட அமுங்க மாட்டேங்குது!

— கழட்டித் தொலை!

— கழட்டிட்டேன்... அமுக்கிட்டேன்... பச்சை! அத்தான், பச்சை! ஓவர்!

— வந்துடுச்சா? இரு, மூடி வெச்சுட்டு விலகு... டேப்லெட்ல ஒண்ணும் தெரியலையே. சுத்திக்கிட்டே இருக்கு. எதை வெச்சு மூடின?

— பிஸ்கட் டப்பா. ஆணி போட்டு வெச்சிருந்தீங்களே, அது.

— தகர டப்பாவா! தகரத்துக்குள்ள அடைச்சா அலை எப்படிடா வெளிய வரும்? வாசல்ல ஐஸ்கிரீம் வாளி கிடக்கும் பாரு, உங்க அக்கா முட்டை பொறுக்குற பிளாஸ்டிக் வாளி. அதைக் கவுத்து வை.

— வாளியைக் கவுத்துட்டேன். ஆனா அத்தான்... விளக்கே போயிடுச்சு. செவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. செத்துடுச்சு.

— என்ன பண்ணின?

— ஒண்ணும் பண்ணல! வாளியைத்தான் வெச்சேன்.

— பிளக்கைக் கழட்டி மாட்டு.

— மாட்டிட்டேன். இல்ல.

— பின்பக்கம் ஊசி மாதிரி ஓட்டை இருக்காம், குச்சியை விட்டுப் பத்து நொடி அமுக்கு.

— அமுக்கிட்டேன். கண்ணிமை ஒட்டிக்கிச்சு, விரல் எங்க இருக்குன்னே தெரியல, பெட்டியில ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பத்தரையிலேர்ந்து மல்லுக்கு நிக்கிறேன் அத்தான், விட்டுடலாம். நான் கொட்டகைக்கே போயிடுறேன்.

— போயி? நீ அவளைப் பாப்ப, அவ உன்னைப் பாப்பா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்குப் படம் தெரிஞ்சாதான்டா நான் சொல்ல முடியும்! இங்க கடிகாரம் பதினொண்ணு அடிக்குது, இன்னும் ஒரு பெட்டியை எரிய வைக்கத் துப்பில்ல உனக்கு.

— துப்பில்லையா? கம்பத்தை ஒரு உதை விடுறேன் பாருங்க... இந்தா! அத்தான்! எரியுது! உதைச்சேன், எரியுது! ஆரஞ்சு... பச்சை! ஓவர்! ஓவர்!

— அட கடவுளே, தெரியுது! ஓல்கா தெரியுறாடா! காது வரைக்கும் தெரியுது! இந்தப் பக்கம் மூலையில வைக்கோல், அந்தப் பக்கம் வாளி... நீ காபி கோப்பையை என் தீவனப் பெட்டி மேல வெச்சிருக்கிறதுகூடத் தெரியுது!

— இன்னொரு வேலை இருக்கு அதுல. குழந்தைக்குப் பாக்குற கேமராதான, பேசவும் செய்யும். டேப்லெட்ல மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்க.

— ஓல்கா! ஏ ஓல்காக் கண்ணு! ... திரும்புறாடா! சுவத்தைப் பாத்து முழிக்கிறா! ஹாஹா! உங்க அக்கா பாக்கணுமே இதை!

— அக்கா போன்லயும் போட்டுக் குடுத்திருக்கேன். நினைச்சா அங்கேர்ந்தே பாத்துக்கலாம்.

— அவ எங்க பாப்பா, மூணாவது ஆட்டத்துல கல்லு தள்ளிக்கிட்டிருப்பா. நீ உள்ள போ. வெந்நீர் வாளி, சோப்பு, ஆணியில தொங்குற சங்கிலி, மூணையும் கிட்ட வை. ரேடியோவைக் கழுத்துல மாட்டிக்கோ, பேசினா தானாப் போற பொத்தானைத் தள்ளி வை. இனிமே உனக்குக் கை ரெண்டும் வேணும்.

— எதுக்கு ரெண்டு கையும்? அத்தான்? எதுக்கு?

— சும்மா நில்லு. இனி அவ வேலை. நாம காத்திருக்கணும்.

— ...இருபது நிமிஷம் ஆச்சு. சும்மாதான் படுத்திருக்கா.

— முக்குறா பாரு! வந்துடுச்சு, கால் தெரியுது! மாப்ள, நகரு, நீ மறைக்கிற! ரெண்டு குளம்பு... அடப்பாவி.

— என்ன? என்ன அடப்பாவி?

— உள்ளங்கால் மேல பாத்துக்கிட்டிருக்கு. பின்னங்கால்டா அது. மறுபடியும் தலைகீழா வருது. போன வருஷம் மாதிரியே.

— நான் பஸ் ஓட்டுறவன் அத்தான். சத்தியமா சொல்றேன், நான் வெறும் பஸ்...

— பஸ்ஸைப் பின்னால எடுத்ததே இல்லையா நீ? அதுதான் இது! சங்கிலியைக் கணுக்காலுக்கு மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து. ரெண்டு காலுக்கும். அப்படித்தான். அவ முக்கும்போது மட்டும் இழு. முக்காதப்ப விடு.

— வழுக்குது!

— வழுக்கத்தான் செய்யும். இப்ப முக்குறா, இழு! விடு. இழு! நல்லா வருதுடா, முட்டி வந்துடுச்சு! கேளு, இடுப்பு வெளிய வர வரைக்கும் மெதுவா. இடுப்பு வந்துட்டா நிக்கவே கூடாது, ஒரே மூச்சுல இழுத்துடணும். உள்ளயே மூச்சு விட்டா செத்துடும். நான் பாத்துச் சொல்றேன், நான் இப்பன்னு சொன்ன உடனே... லோர்ன்? படம் போச்சு.

— என்னது!

— படம் போச்சுடா! சுத்துது! கம்பத்தைப் போய் உதை!

— நான் எப்படிப் போறது? கையில ரெண்டு கால் இருக்கு! இங்க ஒரே ரத்தமா, தண்ணியா... எது இடுப்பு, எது வாலுன்னே தெரியல அத்தான்! கன்னு அசைய மாட்டேங்குது!

— இரு... கடிகாரம் பதினொன்றரை. பத்தரைக்குப் போச்சு. பதினொண்ணுக்கு வந்துச்சு. பதினொன்றரைக்குப் போச்சு... அட நாசமாப் போறவனே!

— நான் என்ன பண்ணேன்?

— நீ இல்ல, நான்! அந்தப் பிளக்குல நான்தான டைமர் வெச்சேன்! எஞ்சினுக்கு அரை மணி கரண்ட், அரை மணி கட். நீ உதைச்சு ஒரு மண்ணும் எரியல, மணி அடிச்சதால எரிஞ்சுது!

— அதை இப்ப யாரு போய்த் திருப்புறது?

— என் ஊன்றுகோல் எங்க... கோட்டு...

— அத்தான்! எந்திரிக்காதீங்க!

— கம்பம் வரைக்கும்தான். கொட்டகைக்குப் போக மாட்டேன்னுதான் சொன்னேன், கம்பத்துக்குப் போக மாட்டேன்னு சொல்லல.

— பனியில வழுக்கினா அக்கா என்னைக் கொன்னுடுவா!

— பேசாம பிடிச்சுக்கிட்டு நில்லு. வாசலுக்கு வந்துட்டேன்... ஐயோ, காத்தா இது, கத்தியா... வரேன்... வாளியை எங்கடா வெச்ச, ஆ, இங்க. டைமரைப் பிடுங்கி எறிஞ்சுட்டேன். நேரா மாட்டிட்டேன். பச்சை! இனிமே அது போகாது. இந்தா, நான் வீட்டுக்குத் திரும்பிடுறேன்.

— அத்தான், நிக்குது! இழுத்தா வர மாட்டேங்குது! இடுப்புல மாட்டிக்கிச்சு! அவ முக்குறதையும் விட்டுட்டா! அத்தான், நான் என்ன செய்ய? அத்தான்!

— கொஞ்சம் திருப்பு, கால் ரெண்டையும் கால்வாசி சுத்துற மாதிரித் திருப்பு...

— எந்தப் பக்கம்? ...அத்தான், உங்க குரல் ஏன் ரெண்டாக் கேக்குது?

— நகரு.

— அத்தான்! நீங்க எப்படி...

— நகருடா! இந்தப் பக்கம் திருப்பணும், இப்படி. நீ சங்கிலியைப் பிடி. ஓல்கா, முக்கு என் கண்ணே, முக்கு! வருது... இடுப்பு வந்துடுச்சு! இப்ப! இழு லோர்ன், நிறுத்தாத, விழுந்தாலும் பரவால்ல, இழு, இழு!

— ஆஆ! ...வந்துடுச்சு. என் மேல கிடக்கு. அத்தான், மூச்சு விடல.

— வாயைத் தொடை. வைக்கோல் ஒண்ணு குடு. மூக்குல விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டணும்... வா குட்டி... வாடா...

— தும்முச்சு! அத்தான், தும்முச்சு! மூஞ்சியிலயே தும்முச்சு!

— ஹாஹா! தலையை ஆட்டுறான் பாரு! கிடேரியா? கிடேரிடா! ஓல்கா, நக்கு, நக்கு, உன் பொண்ணு!

— நான் இழுத்தேன்! பஸ் டிப்போவுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்! அத்தான், நீங்க கீழ உக்காருங்க, புது இடுப்பு!

— இடுப்பு கிடக்கட்டும். கேளு மாப்ள, கதையைச் சரியா வெச்சுக்கணும். நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்ல. கேமராவுல பாத்துச் சொன்னேன், நீ இழுத்த. அவ்வளவுதான்.

— சத்தியமாச் சொல்லணுமா?

— உங்க அக்கா மேல சத்தியம் பண்ணு, தப்பில்ல. சாயங்காலம் அவ வரதுக்குள்ள நான் நாற்காலியில கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். மாடு நிக்கும்.

— அத்தான்... சுவத்துல கேமராவுல பச்சை எரியுது.

— எரியட்டுமே, அதுக்குத்தான இவ்வளவு பாடு பட்டோம். டேப்லெட் வீட்டுல கிடக்கு, யாரு பாக்கப் போறா?

— கதை நல்லா இருக்கு ஓரெஸ்ட். ஆனா இங்க கர்லிங் ஆடுற இடத்துல என் போன்ல எங்க எல்லாருக்கும் படம் அதை விட நல்லாத் தெரியுது.