லேப்டாப்புக்குள் நாற்பது வேன்

முந்தாநாள் மகளின் பள்ளி வேன் வந்துவிட்டதாகச் சொல்லும் செய்தி கைபேசிக்கு வரவில்லை. அவள் வந்து இறங்கும்வரை தெருவிலேயே நின்றேன். அந்தப் பயம் போகாமல்தான் இன்று பாபநாசம் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். மடியில் கணினி வைத்திருந்தவன் கண்ணைக் கசக்கினான்.

“என் லேப்டாப்புக்குள்ள நாப்பது ஸ்கூல் வேன் ஓடுதுலே.”

“டீசல் எங்கலே போடுத?”

“கிண்டலா? எல்லாம் சோதனைக்குப் பொய் வேன்லே. வேனுக்கு ஒண்ணா கன்டெய்னர்னு குட்டி புரோகிராம் போட்டு, நெசமான சர்வர் மாதிரியே அமைச்சிருக்கேன். வேன் எங்கன நிக்குன்னு நேரத்தோட அனுப்புத குறிப்பு, அந்த லாகைப் படிச்சு, நான் எழுதுன புரோகிராம் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பணும். எல்லாம் சரியாத்தான் போகுது. நாளைக்கு மொதலாளிகிட்ட குடுக்கணும்.”

“மலைப் பக்கம் சிக்னல் போயிருமே. நடுவுல நெட்டை நிறுத்திப் பாத்தியா?”

அவன் கணினியில் எதையோ தட்டினான். இரண்டு நிறுத்தங்கள் போயின.

“நெட் திரும்பி வந்ததும் லாக் மொத்தமா வந்துட்டுலே. ஆனா நேரம் தாண்டிட்டுன்னு புரோகிராம் எல்லாத்தையும் பழசுன்னு தள்ளிட்டு. ஒரு வீட்டுக்கும் மெசேஜ் போகல.”

“யாருக்குத் தெரியப் போகுது? குடுத்துட்டுப் போய்த் தூங்கு.”

கணினி வைத்திருந்தவன் கைபேசியில் முதலாளியை அழைத்தான்.

“அண்ணாச்சி, நாளைக்கு ஆகாது... ஆமா, முடிஞ்சிட்டுன்னு நாந்தான் சொன்னேன்... ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா நாளைக்குக் குடுக்க மாட்டேன்.”