படுதாவுக்கு இந்தப் பக்கம்

அந்தப் பேரை அடிச்சிடுங்க குமாஸ்தா அய்யா. ஆமா, தேவசகாயம்னு எழுதினீங்களே, அதத்தான். எழுத்துல தப்பு ஒண்ணும் இருக்காது, நீங்க படிச்சவங்க. எனக்கு உங்க சங்கத்து மெடலு வேணாங்கறேன், அவ்ளோதான். குந்துங்க, இந்தச் சாக்கு மேல குந்துங்க. தோல் ஷாப்புன்னா நாத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும். நாலு சுண்ணாம்புக் குழி தாண்டி வந்துட்டீங்க, இன்னும் மூக்கப் புடிச்சிக்கினே இருக்கீங்க.

கோவமா? யார் மேல, எங்க மொதலாளி சமத் சாயபு மேலயா? அய்யய்யோ, அந்த மனுசன் மேல யாராச்சும் கோவப்படுவாங்களா. போன வருசம் பொரட்டாசில பம்பாய்க் காச்சல் ஆம்பூருக்குள்ள பூந்தப்போ, இந்த ஷாப்ப இழுத்து மூடிட்டு, வூட்டுல கல்யாணத்துக்கு வெச்சிருந்த பெரிய தேக்சா ரெண்டையும் எடுத்தாந்து, கஞ்சி காய்ச்சுங்கடான்னு போட்டவரு அவரு. வேலூருக்கு வண்டி அனுப்பி ஜாடி ஜாடியா தண்ணி மருந்து வரவழைச்சாரு. அவர் மருமகளே அதுல போய்ட்டா. அன்னிக்கும் அடுப்பு அணையல. நீங்க மெடலு குடுக்கறதா இருந்தா அவருக்குக் குடுங்க.

அவருக்கும் இருக்குதா? சந்தோசம்.

ஊரெல்லாம் எம் பேரைச் சொல்றாங்களா? இன்னான்னு? சொல்லுங்க, கேப்போம்... அதானே. கண்ணெடுத்துப் பாக்காத மனுசன். நாப்பத்திரெண்டு வூட்டுக்கு ஒன்ற மாசம் கஞ்சி ஊத்தினான், ஒரு வூட்டுப் படுதாவக்கூடத் தொட்டதில்ல. இதையேதான் என் காதுபடவும் சொல்றாங்க. எதிர்ல வர்ற பெரியவங்க என்னைப் பாத்து சலாம் வெக்கறாங்க அய்யா, சுண்ணாம்புக் குழியில எறங்கித் தோல் மிதிக்கிற எனக்கு. நான் அந்தத் தெரு வழியா போறதயே வுட்டுட்டேன்.

உங்களுக்கு எங்க ஊரு வழக்கம் தெரியாது போல. மசூதிக்குப் பின்னால இருக்கிற தெரு பூரா கோஷா ஜனங்க. வாசலுக்கு வாசல் சாக்குப் படுதா தொங்கும். ஆம்பள இல்லாத வூட்ல அன்னிய மனுசன் படுதாவத் தாண்டக் கூடாது. அதனால ஒரு மொறை வெச்சோம். வூட்டுக்காரங்க மண்சட்டிய வாசப்படில வெச்சிடணும். நான் கஞ்சி ஊத்துவேன், மருந்து பாட்டில பக்கத்துல வெப்பேன், கதவுச் சங்கிலிய மூணு தட்டு தட்டுவேன், முதுகத் திருப்பிக்குவேன். படுதாவுக்குள்ளருந்து ஒரு கை வரும். சட்டி உள்ள போற சத்தம் கேட்டா அடுத்த வூடு.

பொம்பளைங்களை அனுப்பியிருக்கலாமேன்னா, எந்தப் பொம்பளைய அனுப்பறது? எம் பொண்டாட்டி சவுரியம்மா பாயோட பாயா கெடந்தா. அந்தத் தெருவுல எந்திரிச்சு நடமாடின பொம்பளைங்களே மூணு பேரு. ஆம்பளைங்க பாதி பேரு பொணம் தூக்கப் போய்ட்டாங்க.

என் கூட ரத்தினசாமின்னு ஒருத்தன் கஞ்சி ஊத்த வந்தான். மொத வாரம், ஒரு வூட்ல கொழந்த வீறிட்டு அழுவுதுன்னு படுதாவத் தூக்கி எட்டிப் பாத்துட்டான். அந்த நேரம் பாத்து அந்தப் பொம்பளையோட தம்பி வந்தான், வுட்டான் ஒரு அறை. சமத் சாயபு அன்னிக்கே அந்தத் தம்பியக் கூப்ட்டு, சோறு போட வந்தவனை அடிப்பியாடான்னு மன்னிப்பு கேக்க வெச்சாரு. ஆனா ரத்தினசாமி மறுநாள் வரல. அறை வாங்கினது அவன், ஆனா கன்னத்தத் தடவிக்கினது நானு. அதுக்கப்பறம் சங்கிலியத் தட்டினா ரெண்டடி தள்ளிப் போய்த்தான் நிப்பேன்.

அந்த ஜஹீதா வூட்டுக் கதையா? உங்க வரைக்கும் வந்துடுச்சா. வரும், வரும்.

புருசன் நிசார் அஹமது தோல் ஏத்திக்கினு பட்டணம் போயிருந்தாரு. வூட்ல ஜஹீதாவும் அஞ்சு வயசுப் பொண்ணும்தான். மூஞ்சி எனக்குத் தெரியாது. பச்சை கண்ணாடி வளையல் போட்ட கை, அவ்ளோதான் தெரியும். செவ்வாக்கெழம வரைக்கும் அந்தக் கை வந்துச்சு. புதன்கெழம வரல. சரி, தூங்குறாங்க, பொறவு எடுத்துக்குவாங்கன்னு வெச்சிட்டுப் போய்ட்டேன். வியாழக்கெழம போறேன், சட்டி கழுவி வெச்ச மாதிரி காலியா இருக்குது. மனசுக்கு நிம்மதி. திரும்பவும் ஊத்தினேன். வெள்ளிக்கெழமயும் காலி. ஆனா மருந்து பாட்டிலு மட்டும் வெச்ச எடத்துலயே, வெச்ச அளவுலயே. கசப்பா இருக்குதுன்னு குடிக்கல போலன்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனைக்கணும்னு நெனச்சேனா, அது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

சனிக்கெழம கொஞ்சம் சீக்கிரம் போய்ட்டேன். செவல நாய் ஒண்ணு சட்டிக்குள்ள தலைய வுட்டு நக்கிக்கினு இருந்துச்சு.

ஓடிப் போய் அதே தெருவுல இருக்கிற பில்கிஸ் பீவியக் கூட்டியாந்தேன், அப்பதான் காச்சல்லருந்து எந்திரிச்சிருந்தாங்க பாவம். அவங்க உள்ள போனாங்க. நான் வாசல்லயே நின்னேன், அப்பவும்! கட்டில்ல பொண்ணு. கட்டிலுக்கும் படுதாவுக்கும் நடுவுல ஜஹீதா. படுதாவுக்கு நாலு மொழம் இருந்துச்சாம், அவ்ளோதான்.

அதான் எல்லாரும் சொல்றாங்களே, நீ இன்னா பண்ணுவ தேவசகாயம், உள்ள நடக்கறது உனக்கு எப்டித் தெரியும், ஒரு சத்தம் வந்திருந்தா போயிருக்க மாட்டியான்னு. சமத் சாயபு அதுக்கும் மேல ஒண்ணு சொன்னாரு. உயிர் போற நேரத்துல படுதா இன்னாடா படுதா, கிழிச்சிக்கினு போயிருந்தாலும் நான் உன் பக்கம் நின்னுருப்பேனேன்னாரு. அதக் கேட்டப்போ குழியில வுழுந்து சாகலாம்னு இருந்துச்சு.

நிசார் பாய் பத்து நாள் கழிச்சு வந்தாரு. என்னைத் தேடிக்கினு இதே எடத்துக்கு வந்து, சுண்ணாம்போட இருந்தவனக் கட்டிப் புடிச்சு அழுதாரு. கடைசி வரைக்கும் எம் பொண்டாட்டி புள்ளைக்குக் கஞ்சி ஊத்தினியே, நீ நல்லா இருக்கணும்னாரு. எம் பேரை உங்க சங்கத்துக்கு எழுதிப் போட்டதே அவர்தானே? இல்லன்னு சொல்லாதீங்க. அவர் கையெழுத்து எனக்குத் தெரியாது, ஆனா மூஞ்சி தெரியும்.

எங்க வூட்டுக் கதவுல இருந்த சங்கிலியக் கழட்டிட்டேன். ஆடு உள்ள பூந்து அரிசியத் தின்னுதுன்னு சவுரியம்மா தெனம் பேஜார் பண்றா. காத்துல அது லேசா ஆடினாலே மூணு தட்டு தட்டின மாதிரியே கேட்டுச்சு அய்யா, இன்னா பண்றது.

அட, பேனாவ மூடாதீங்க. இதையும் எழுதிக்கங்க, இல்லன்னா எழுதாதீங்க, உங்க இஷ்டம். இது சவுரியம்மாவுக்கே தெரியாது.

அந்த ஜஹீதா கூப்ட்டா அய்யா. புதன்கெழம. சங்கிலியத் தட்டிட்டு முதுகத் திருப்பி நின்னேனா, கை வரல, சத்தம் வந்துச்சு. மொதல்ல அவங்க பாஷைல. அப்பறம் எனக்குப் புரியணும்னு தமிழ்லயே சொன்னா. தேவசகாயண்ணே, என்னால எந்திரிக்க முடியல, உள்ள வாங்க, புள்ளைக்கு மட்டுமாவது ஊட்டிட்டுப் போங்கன்னு. ரெண்டு தரம் சொன்னா. எம் பேரை யாரு அவளுக்குச் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நான் தெருவ இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தேன், யாராச்சும் வர்றாங்களான்னு. ஒரு ஈ காக்கா இல்ல. போயிருக்கலாம். நான், வெளிய வெச்சிருக்கேம்மா, மெதுவா வந்து எடுத்துக்கன்னு சொல்லிட்டு, பக்கத்து வூட்டுச் சங்கிலியத் தட்டப் போய்ட்டேன்.